வெட்பாலையும் இரண்டு முழங்கைகளும்

நம் கொற்கை துறைமுகமாயிருந்த காலத்தில், முத்தைத் தரம் பிரித்து நிறுத்துப் பாராமல் எவரும் விலை பேசியிருக்க மாட்டார்கள். தோல் வியாதிக்கு மருந்து வாங்கும்போது மட்டும் அந்த ஜாக்கிரதை நம்மிடம் இருப்பதில்லை. "கைகண்ட மருந்து" என்று யாராவது சொன்னால் போதும். பெயரற்ற எண்ணெய்ப் புட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதில் ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருந்தால் முதல் வாரம் அற்புதமாய்த் தேறும். நிறுத்தியதும் நோய் முன்னிலும் மூர்க்கமாய்த் திரும்பும்.

அரிப்பைச் சில்லறை உபாதை என்பவர்கள் அது வராத பாக்கியசாலிகள். சோரியாசிஸ் என்னும் காளாஞ்சகப்படை உள்ளவரைக் கேட்டுப் பாருங்கள். இரவில் உறக்கமில்லை, கோடையிலும் முழுக்கைச் சட்டை. அது ஒட்டுவாரொட்டியன்று. ஆயினும், குஷ்டமோ என்ற ஐயத்தில் பந்தியில் பக்கத்து இலை காலியாகிறது. பெண்ணுக்கு வந்த வரன் தட்டிப்போகிறது.

இந்நோய்க்குச் சித்த வைத்தியர்கள் தருவது வெட்பாலைத் தைலம். இலையைக் கத்தி படாமல் கிள்ளித் தேங்காயெண்ணெயிலிட்டு வெயிலில் வைத்தால், எண்ணெய் கத்தரிப்பூ நிறமாகிறது. பார்த்தவுடன் அவுரிச் சாயம் நினைவுக்கு வரும். நினைவு பொய்யன்று; அவுரிச் சாயப் பொருளும், அதன் உறவான இண்டிருபினும் வெட்பாலை இலையில் இருப்பதை ரசாயனிகள் கண்டிருக்கிறார்கள்.

இதே இண்டிருபின் உள்ள நீலப் பொடி ஒன்று சீன வைத்தியத்தில் உண்டு. அதைத் தைவான் வைத்தியர்கள் 42 சோரியாசிஸ் நோயாளிகளிடம் பரீட்சித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்துப் படைக்கு மருந்துக் களிம்பு; மறுபக்கத்துக்கு மருந்தில்லாத வெறுங்களிம்பு. மதிப்பிட்ட வைத்தியருக்கு எது எந்தப் பக்கமென்று சொல்லவில்லை. மருந்திட்ட பக்கம் தெளிவாகத் தேறியது. துணியெல்லாம் நீலமானது வேறு கதை. வெள்ளை வேஷ்டிக்காரர்களுக்கு அது சிறிய கதையன்று.

தோலின் உயிரணுக்களில் அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்றொரு பூட்டு உண்டு. இண்டிருபின் அதற்கேற்ற சாவி. மண்ணிலுள்ள நுண்புழுக்களோடு வாழும் பாக்டீரியாவில் கண்ட வேறொரு சாவிதான் டாபினரோஃப் களிம்பாயிற்று. அமெரிக்காவில் அதைச் சோரியாசிஸுக்கு 2022-இலும், கரப்பானில் ஒருவகைக்கு 2024-இலும் அனுமதித்தார்கள்.

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் அங்கேயே. தேங்காயெண்ணெய் தானாகவே தோல் வறட்சியைத் தணிக்கும்; ஆகையால் குணம் இலையாலா, எண்ணெயாலா என்று பிரித்தறிய வேண்டும். ஒரு முழங்கைக்கு வெட்பாலைத் தைலம், மறு முழங்கைக்கு அதே நிறமூட்டிய வெறும் தேங்காயெண்ணெய் என்று இரு கல்லூரியாரும் கூடிப் பரீட்சை நடத்தினால், முழுக்கைச் சட்டையை மடித்துக்கொண்டு பலர் தாமே முன்வருவார்கள்.