எண்ணெயும் தண்ணீரும் சேரட்டும். பில் இல்லாத சரக்கு சேர வேண்டாம்



எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது நாம் சிறு வயது முதல் அறிந்தது. ஆனால் இன்று பேக்கரிக்கும் ஷவர்மா கடைக்கும் பக்கெட் பக்கெட்டாகப் போகும் மயோனைஸ், அந்த இரண்டும் சேர்ந்த சரக்குதான். சேர்த்து வைப்பது முட்டையின் மஞ்சள் கரு. அதிலுள்ள புரதமும் லெசித்தினும் எண்ணெய்த் துளிகளைச் சுற்றி உறைபோல் படிந்து, அவை பிரிந்து மிதக்காமல் காக்கின்றன. பாலிலுள்ள கொழுப்புக்கும் இப்படி ஓர் உறை உண்டு. கடைந்தால் வெண்ணெய் திரள்வது அந்த உறை கிழிவதால்தான்.

முட்டை வேகாததில்தான் வினை. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருந்தால், அது தின்பவர் வயிற்றுக்கு நேரே போகிறது. தெலங்கானாவில் 2024 அக்டோபரில் தடை வந்தது. நம் தமிழக அரசும் 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. முட்டை இல்லாத சரக்கை அந்தத் தடை தொடவில்லை. பால் புரதமும் சோயா புரதமும் மஞ்சள் கருவின் வேலையைச் செய்கின்றன. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர்கூட எண்ணெயைப் பிடித்து வைக்கிறது. நம் கடை மூட்டையிலேயே இந்த மருந்து இருக்கிறது!

அந்தச் சமயத்தில் ஓசூரில் ஒரு பேக்கரிக்காரர் நம்மிடம் லேபிள் இல்லாத லூஸ் சரக்கு கேட்டார். அத்திப்பள்ளி தாண்டிப் பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். மறுத்தோம். அவர் வேறிடம் போய்விட்டார். பல ஆண்டு வாடிக்கை போனதில் வருத்தமே. ஆனால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். காலாவதியான சரக்கு, தவறான லேபிள், யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்கு ஆகியவற்றுக்கு விற்றவரே பொறுப்பு. பில் இல்லையேல் வழக்கு நம் தலையில்.

ஆகவே லேபிளைப் படித்து வாங்குவோம். 'முட்டை இல்லை' என்ற எழுத்து மட்டும் போதாது. பால், சோயா ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. அவை சேர்ந்திருந்தால் லேபிளில் சொல்லியிருக்க வேண்டும். பிரித்த பாக்கெட்டைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லி வாடிக்கையாளரிடம் கொடுப்போம்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சில்லறைக் கடை அலமாரியில் மட்டும் மாதிரி எடுத்தால் போதாது. தயாரிக்கும் இடத்திலும் எடுங்கள். சங்கமும் சும்மா இருக்கலாகாது. பெங்களூரு தாண்டினால் மைசூரு. அங்கே 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. பயிற்சியும் தொழில்நுட்பமும் தருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பருப்பும் பயறும் விளைகின்றன. நம் இளைஞர்கள் பத்துப் பேரை அங்கே அனுப்பினால், பயறுப் புரதத்தில் இங்கேயே தொழில் தொடங்கலாம்.

போன வாடிக்கை திரும்பி வரும். போன உயிர் வராது. நாணயமே நம் முதல்.