பெயரறுத்த வணிகம்

ஒரு நாட்டார் படைத்த கதையை மற்றொரு நாட்டில் விற்கலாம். விற்பனைக்காக அதன் பெயரையே அறுத்தெறியலாமா? அறுத்தவர் அயலாரும் அல்லர்; அக்கதையை ஆட்டமாக்கி விற்ற சப்பானிய நிறுவனத்தாரே என்பதுதான் வெட்கக்கேடு!

அகிரா தோரியாமா வரைந்த ‘திராகன் பால்’ என்னும் படக்கதை 1986 பிப்பிரவரியில் தொலைக்காட்சி அசைபடத் தொடராயிற்று. அவ்வாண்டு நவம்பரிலேயே பண்டாய் நிறுவனம் அதனை நிண்டெண்டோவின் பாமிக்காம் கருவிக்குரிய நிகழ்பட ஆட்டமாக வெளியிட்டது. 1988-இல் அமெரிக்கா சென்ற அவ்வாட்டம் ‘திராகன் பவர்’ ஆகிவிட்டது. நாயகன் உருவத்தை மாற்றி வரைந்தனர். புல்மா ‘நோரா’ ஆனாள். யாம்சா ‘இலான்சர்’ ஆனான். ஊலாங்குக்குக் குண்டன் எனப் பொருள்படும் ஓர் ஆங்கிலப் பெயர் வாய்த்தது.

அப்பெயர்கள் வெற்றொலிகளா? ஊலாங் என்பது சீனத் தேயிலை வகை. யாம்சா என்பது தேநீர் அருந்துதலைக் குறிக்கும் சீனச் சொல். பகைவராய் எதிர்ப்பட்டுப் பின் நண்பராகும் இருவர் பெயரும் ஒரே தேநீர்க் கலத்தில் கூடுகின்றன. ஆசிரியர் நகைத்துக்கொண்டே இட்ட பெயர்கள் அவை. நாயகன் கோக்குவின் பெயரோ, ‘மேற்றிசைப் பயணம்’ என்னும் சீனப் பெருங்கதையில் வரும் குரங்கு வீரனின் பெயரைச் சப்பானியர் ஒலிக்கும் முறை. ‘குண்டன்’ என்பதில் ஏளனமன்றி வேறென்ன உண்டு?

(டகரம் சொல்முதலில் வாராதாகையால் யாம் ‘திராகன்’ என்றெழுதுகின்றோம். அது ஒலித்திரிபு, பெயர்க்கொலை அன்று.)

கிழவர் ஒருவர் பெண்டிர் உள்ளாடை கேட்கும் இழிநகையை நீக்கி, அவர் தின்பண்டம் கேட்பதாக மாற்றியதை யாம் பழியோம். சிறுவர் ஆட்டத்தில் அது வேண்டாததே. ஆனால் பெயர்கள் என்ன குற்றம் செய்தன?

அத்தொடரைக் கண்டறியாத அமெரிக்கச் சிறுவர்க்கு அப்பெயர்கள் விளங்காவென வணிகர்க்கு வாதாடுவோர் கூறுவர். நன்று! ‘கோக்கு’ என்னும் பெயரை மட்டும் அவ்வாட்டத்தில் விட்டுவைத்தனரே, அது மட்டும் எவ்வாறு விளங்கிற்று? 1990-இல் பிரான்சில் இதே ஆட்டம் ‘திராகன் பால்’ என்னும் பெயருடனேயே வெளிவந்தது. அந்நாட்டுச் சிறுவர் அத்தொடரை முன்பே தொலைக்காட்சியில் கண்டிருந்தனர். கேட்பார் இருந்த இடத்தில் பெயர் பிழைத்தது. கேட்பாரற்ற இடத்தில் மாண்டது.

1995-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அத்தொடர் ஆங்கிலத்தில் வந்தபோது புல்மா, யாம்சா, ஊலாங் என்னும் பெயர்கள் அப்படியே இருந்தன. எந்தச் சிறுவனுக்கு நாச்சுளுக்கிற்று?