சொல்லும் பொருளும்: செப்டிக்

தையல் ஊசி விரலில் ஏறிவிட்டால், நம் வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனிகளில் முதலில் எழும் அச்சம் "செப்டிக் ஆகிவிடுமோ?" என்பதுதான். வீடு கட்டுவோரும் "செப்டிக் டேங்குக்கு எங்கே இடம் விடுவது?" என்று அதே சொல்லால் கேட்கின்றனர். புண்ணுக்கும் கழிவுத் தொட்டிக்கும் ஒரே பெயர் எவ்வாறு வாய்த்தது?

ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்த இச்சொல்லின் வேர் கிரேக்கம். அம்மொழியில் 'ஸெப்ஸிஸ்' என்றால் அழுகல். கிரேக்க மருத்துவத்தை அரபியர் கற்றபோது இக்கருத்து 'உஃபூனத்' என்ற பெயர் பெற்றது. இப்னு ஸீனா தம் 'அல்கானூன்' நூலில் அழுகலால் எழும் காய்ச்சல்களைத் தனியே வகுத்துரைத்தார். தமிழிலும் 'ஊழ்த்தல்' என்பதற்குப் பதனழிதல் என்றொரு பொருள் உண்டு. 'ஊழல்' அதில் கிளைத்ததே. இலஞ்சத்திற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது!

புண் அழுகுவது கிருமிகளால் என்றுணர்ந்த லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், 1867இல் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்கும் முறையை வெளியிட்டார். அழுகலை எதிர்ப்பது 'ஆன்டிசெப்டிக்'. தொட்டியின் கதையோ நேர்மாறானது. அங்கே அழுகலே வேலையாள். காற்றுப் புகாத இருளில் நுண்ணுயிர்கள் மலத்தை அழுகச் செய்து கரைக்கின்றன. அதனால்தான் 1890களில் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரன் அமைத்த தொட்டிக்கு அப்பெயர் வந்தது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது இனிதான். அவ்வழுகலில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயு பிறக்கிறது. குறைந்த அளவில் அது அழுகிய முட்டை போல் நாறும். அளவு மிகுந்தாலோ மூக்கின் உணர்வே மரத்து, நாற்றம் தெரியாமற்போகும். "வாடை இல்லையே" என்று இறங்கியவர் மயங்கி வீழ்வார். தூக்கப் போனவரும் வீழ்வார். 2025 மே மாதம் நம் மாவட்டத்துக் கரைப்புதூரில், சாயத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுத் தொட்டியில் மூவர் மாண்டனர்.

பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முதற்குற்றத்திற்கே ஈராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இது வீட்டுக்காரருக்கும் பொருந்தும். கூலி குறைவென்று ஆளைத் தேடாமல், உறிஞ்சும் லாரியை அழையுங்கள். மூடியைத் திறந்து சற்றுநேரம் விட்டால் வாயு போய்விடும் என்று கூறுவோர் உண்டு. மேலே நிற்பது போகலாம். அடியிலுள்ள கசடைக் கிளறும்போது அடைபட்டிருந்தது புதிதாய் எழும்.