கடினமாகக் கேட்பதற்கு முன்

"மிஸ், இது போர்ஷன்லயே இல்ல."

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு ரிவிஷன் டெஸ்டில், மூன்றாம் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று ஒரு மாணவி சொன்னது இது. கேள்வித்தாள் நான் தயாரித்தது. நான் நடத்தி முடிக்காத பாடத்திலிருந்து ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்று வந்திருந்தது. முடித்துவிட்டேன் என்ற நினைப்பில் சேர்த்துவிட்டேன். கணக்கு எளிதானதுதான். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது, கணக்கு வரவில்லையே என்ற வருத்தம் அல்ல; நம்பியவரே கைவிட்டுவிட்டார் என்ற கோபம். அதன் பிறகு ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை படிக்கிறேன். பிள்ளைகளை யோசிக்க வைக்கிறதா என்று முதல் முறை. யோசிக்கத் தேவையான எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறதா என்று இரண்டாம் முறை.

பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இன்று எழுத வந்தது ஒரு வீடியோ கேமைப் பற்றி. அதிலும், கம்பெனி வெளியிட்டதைப் பற்றி அல்ல. ரசிகர் ஒருவர் உட்கார்ந்து திருத்திக் கடினமாக்கிய பதிப்பைப் பற்றி.

போக்கிமான் என்றால் மஞ்சள் நிறப் பிகாச்சு பலருக்கு நினைவு வரும். 1996 பிப்ரவரியில் ஜப்பானில், கையில் அடங்கும் கேம் பாய் கருவிக்காக வந்த ஆட்டம் அது. உருவாக்கியவர் சதோஷி தஜிரி. டோக்கியோவை அடுத்த மச்சிதாவில் வண்டு பிடித்துத் திரிந்த சிறுவர். காட்டிலும் குளத்திலும் விதவிதமான பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, மற்றவர்களின் பிராணிகளோடு மோத விடுவதுதான் ஆட்டம். முதலில் 151 வகை. பத்தாண்டு கழித்து வந்த நான்காம் தலைமுறையில் 493.

அந்த நான்காம் தலைமுறைதான் என்னிடம் வந்தது. 2009-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி ஒரு நிண்டெண்டோ டிஎஸ்ஸும் 'பிளாட்டினம்' கார்ட்ரிட்ஜும் கொண்டுவந்தான். திரும்பிப் போகும்போது, "நீயே வச்சுக்கோக்கா" என்று விட்டுப்போனான். பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். தாக்குதல்களுக்கும் பிராணிகளுக்கும் நெருப்பு, நீர், மின்சாரம் என்று 17 இனங்கள். ஒவ்வொன்றும் மற்றொன்றை இரண்டு மடங்காகத் தாக்கும், ஒரு மடங்காக, பாதியாக, அல்லது தாக்கவே தாக்காது. 17-ஐ 17-ஆல் பெருக்கினால் 289 கட்டங்கள். ஒரு நீளநோட்டில் கோடு போட்டு அதை முழுதாக நிரப்பியபோது எனக்குக் கிடைத்த நிறைவு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் ஆட்டம் அந்தக் கட்டங்களை என்னிடம் கேட்கவே இல்லை. ஒரே ஒரு பிராணியை அளவுக்கு மீறி வளர்த்துவிட்டால் போதும், எதிரில் யார் வந்தாலும் ஒரே அடிதான். அது களைத்தால் சண்டை நடுவிலேயே மருந்து கொடுக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். பாடத்தை ஆழமாக நடத்திவிட்டு, தேர்வில் கோடிட்ட இடத்தை மட்டும் நிரப்பச் சொன்னது போல இருந்தது.

இன்னொரு மனக்குறையும் உண்டு. ஹான்டர் என்ற ஆவிப் பிராணியை வளர்த்துக்கொண்டிருந்தேன். அது கெங்கராக உருமாற வேண்டுமென்றால், டிஎஸ் வைத்திருக்கும் இன்னொருவருடன் பரிமாறிக்கொள்ள வேண்டும். இரண்டு கருவிகளுக்கு இடையே பூச்சி ஊர்ந்து போவது போன்ற கற்பனையில்தான் தஜிரிக்கு இந்த ஆட்டமே தோன்றியது. அழகான எண்ணம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கும், அதன் கையில் இன்னொரு கருவி இருக்கும் என்று நம்பிக் கட்டிய எண்ணம். எங்கள் தெருவில் இருந்தது ஒரே ஒரு டிஎஸ். டார்க்ராய், ஷேமின் போன்ற அரிய பிராணிகளையோ வேறு நாட்டுக் கடைகளிலும் நிகழ்ச்சிகளிலும் விநியோகித்தார்கள். இணையம் வழியாகப் பரிமாறும் சேவையும் 2014 மே 20-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. என் ஹான்டர் ஹான்டராகவே நின்றுவிட்டது.

'ரெனிகேட் பிளாட்டினம்' 2019-இல் வந்தது. செய்தவர் டிரயானோ என்ற புனைபெயர்க்காரர். மூல ஆட்டத்தின் தரவுகளைத் திறந்து, கிட்டத்தட்ட ஒவ்வொரு எதிரியின் அணியையும் மாற்றி எழுதியிருக்கிறார். கடினம் என்ற பெயரில் எதிரியின் லெவலை மட்டும் தாறுமாறாக உயர்த்திவிடும் ரசிகர் பதிப்புகளும் உண்டு. அங்கே நமக்கு மிஞ்சுவது, புல்வெளியில் மணிக்கணக்காக நடந்து சில்லறைச் சண்டை போடுவதுதான். ஒரே வாய்ப்பாட்டை நூறு முறை எழுது என்று இம்போசிஷன் கொடுப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. அதைக் கடினம் என்று சொல்ல நான் ஒப்பமாட்டேன்.

டிரயானோ முதலில் கொடுத்தார். 493 வகைகளையும் ஒரே கார்ட்ரிட்ஜுக்குள் பிடிக்கும்படி வைத்தார். பரிமாற்றத்துக்கு இன்னொருவர் வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்தார். எந்தப் புல்வெளியில் எது கிடைக்கும், எது எப்படி உருமாறும், எந்த எதிரியிடம் என்ன அணி இருக்கும் என்று எல்லாவற்றையும் எழுத்துக் கோப்புகளாக ஆட்டத்தோடு சேர்த்தே தந்தார். பாடப்புத்தகத்தையும் கையில் கொடுத்து, கேள்வியையும் முன்கூட்டியே காட்டிவிட்டு, இப்போது எழுது பார்ப்போம் என்கிறார். அப்படியும் தோற்கிறோம் என்றால் அந்தத் தோல்வியில் கோபம் வருவதில்லை.

என் தம்பி அந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்தே நகலெடுத்து, பேட்ச் போட்டு, லேப்டாப்பில் ஓட வைத்துத் தந்தான். மூல ஆட்டத்தில் ஜிம் எனும் சண்டைக் கூடங்களில் முதலாவதன் தலைவரான ரோர்க்கிடம் மூன்றே பிராணிகள்: ஜியோடூட், ஓனிக்ஸ், க்ரானிடோஸ். நீர் இனம் ஒன்று கையில் இருந்தால் இரண்டு நிமிட வேலை. இங்கே அதே ரோர்க்கிடம் ஏழு முறை தோற்றேன். எட்டாம் முறை உட்காருவதற்கு முன் அந்தப் பழைய நீளநோட்டைத் தேடி எடுத்தேன். பத்து வருடங்களுக்குப் பிறகு 289 கட்டங்களுக்கும் வேலை வந்தது.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனும் சேர்ந்துகொண்டான். ஒரு நாள் அவன் நம்பியிருந்த தாக்குதல் 70 சதவீதம்தான் படும். ஜெயிக்க வேண்டுமென்றால் அடுத்தடுத்து இரண்டு முறை பட வேண்டும். "எழுபதுன்னா நல்ல சான்ஸ்தானே அம்மா?" என்றான். 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கச் சொன்னேன். 0.49. பாதிக்கும் கீழே. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வலிமை குறைந்த, ஆனால் தவறாமல் படும் இன்னொரு தாக்குதலுக்கு மாற்றிக்கொண்டான். மூன்றாம் ஜிம்மோடு அவன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். நான் விடவில்லை.

இதையெல்லாம் கம்பெனியே செய்திருக்கலாமே என்று கேட்கலாம். பிளாட்டினத்துக்கு முன்னோடியாக 2006-இல் வந்த டைமண்ட், பேர்ல் பதிப்புகளில் ஃபிளிண்ட் என்பவர் நெருப்பு இனத்தின் வல்லுநர். அவரிடமிருந்த ஐந்தில் நெருப்பு இனம் இரண்டுதான். மற்ற மூன்றில் ஒன்று முயல், ஒன்று பலூன், ஒன்று இரும்புப் பாம்பு. முடிவுக்கு முன் ஆட்டக்காரர் சந்திக்கும்படி வைத்த நெருப்புக் குடும்பங்களே இரண்டுதான் என்பது காரணம். பிளாட்டினத்தில் கம்பெனியே அதைச் சரிசெய்தது. ஆனால் 2021-இல் மறு ஆக்கமாக வந்த பிரில்லியன்ட் டைமண்டில் முயலும் பலூனும் இரும்புப் பாம்பும் திரும்பி வந்துவிட்டன. 2012-இல் பிளாக் 2 பதிப்பில் எதிரிகளைக் கடினமாக்கும் ஒரு 'சேலஞ்ச்' முறையும் வைத்தார்கள், உண்மைதான். அதைத் திறக்கும் சாவி ஆட்டத்தை முடித்தவருக்கே கிடைக்கும். இணைப்பதிப்பான வைட் 2 வாங்கியவர், பிளாக் 2 வைத்திருப்பவரிடம் அதைக் கேட்டுப் பெற வேண்டும். இங்கேயும் தெருவில் இரண்டாவது கருவி ஒன்று இருந்தாக வேண்டும்.

பதிப்புரிமையை நான் மதிக்கிறேன். எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் பணம் போய்ச் சேர வேண்டும். இணையத்தில் கிடக்கும் திருட்டு நகலை என் மாணவர்கள் யாரையும் எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் பேட்ச் என்பது ஆட்டம் அல்ல. மூலத்தில் எந்த இடத்தில் எது எப்படி மாற வேண்டும் என்ற குறிப்புதான். மூல ஆட்டம் இல்லாதவருக்கு அது எதற்கும் உதவாது. இதை விற்றுக் காசு பார்க்காத ரசிகர்களிடம் கம்பெனி நடந்துகொள்ளும் விதம்தான் எனக்கு உறுத்துகிறது. கிரிஸ்டல் என்ற இன்னொரு போக்கிமான் பதிப்பை எட்டு ஆண்டுகள் திருத்தி உருவாக்கிய 'பிரிசம்' வெளியாகச் சில நாட்களே இருந்தபோது, 2016 டிசம்பரில் வக்கீல் நோட்டீஸ் வந்தது, செய்தவர் நிறுத்திக்கொண்டார். எட்டு ஆண்டுகள் என்றால், என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பிள்ளை மருத்துவராகி வெளியே வரும் காலம்.

விற்பனைக்கு வராத, மூல ஆட்டத்தை உள்ளே வைத்திராத பேட்சுகளைத் தொடமாட்டோம் என்று கம்பெனி எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதனால் அதற்கு என்ன நஷ்டம் வரும் என்று எனக்குப் புரியவில்லை. என் கார்ட்ரிட்ஜ் பல ஆண்டுகள் பீரோவில் கிடந்தது. அதை வெளியே எடுக்க வைத்ததே இந்தப் பேட்ச்தான். இப்போது என் அணியில் ஒரு கெங்கர் இருக்கிறது.

கடைசி எதிரி சிந்தியா. அவரிடம் நான்கு முறை தோற்றிருக்கிறேன். நான்காம் முறை அவருடைய கார்ச்சோம்ப் ஒன்று மட்டும் மிச்சம் நின்றது. ஒரே தாக்குதலின் பாதிப்பு 85-இலிருந்து 100 சதவீதத்துக்குள் 16 விதமாக விழலாம். அந்த 16-இல் எத்தனை எனக்குச் சாதகம் என்று எண்ணாமல் அவசரப்பட்டுவிட்டேன். அவருடைய அணிப் பட்டியல் இருக்கும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து நீளநோட்டுக்குள் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய விடைத்தாள்கள் இன்னும் 42 பாக்கி. அவற்றைத் திருத்தி முடித்ததும் அந்த 16-ஐயும் எழுதிப் பார்க்க வேண்டும்.