குழாய் வெடித்தால் விசாரிப்பது யார்?



எரிவாயுக் குழாய்க்கு எங்கே எதிர்ப்பு எழுந்தாலும் அதிகாரிகள் சொல்லும் பதில் ஒன்றுதான்: நம் பாதுகாப்பு விதிகள் அமெரிக்க விதிகளுக்கு இணையானவை. கணக்களவில் அது பொய்யல்ல. பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் 2009-ஆம் ஆண்டு விதிகளும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் நெறியையே பின்பற்றுகின்றன. 1.6 கி.மீ. நீளத்துக்குக் குழாயின் இருபுறமும் 200 மீட்டருக்குள் உள்ள வீடுகளை எண்ண வேண்டும். 46 வீடுகளோ அதற்கு மேலோ இருந்தால், குழாயின் இரும்பு தாங்கும் வலுவில் பாதிக்கு மேல் அழுத்தம் ஏற்றக்கூடாது. விளையும் (தோட்டமும்) வீடும் இடைவெளியின்றிக் கலந்து கிடக்கும் எங்கள் விளவங்கோடு வட்டத்தில் 46 வீடு என்பது ஒரு கூப்பிடு தூரம்.

வேறுபாடு விபத்துக்குப் பிறகு தெரிகிறது. கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் 2010 செப்டம்பர் 9 அன்று குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள். குழாய் நிறுவனத்துக்கும் ஒழுங்குமுறை அமைப்புக்கும் கட்டுப்படாத தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து, எல்லாவற்றையும் அச்சில் வெளியிட்டது. 1956-ல் பதித்த குழாயில் மோசமான பற்றவைப்பு இருந்ததும், நிறுவனத்தின் ஏட்டில் அது பற்றவைப்பே இல்லாத குழாயாகப் பதிவாகியிருந்ததும், வாயுவை நிறுத்த 95 நிமிடம் ஆனதும் அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தன. ஆந்திராவின் நகரத்தில் (ஊர்ப் பெயரே நகரம்தான்) 2014 ஜூன் 27 அன்று பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உலர்ந்த வாயுவுக்கான குழாயில் ஈரவாயு சென்று துருவேறியது காரணம். விசாரித்தது பெட்ரோலிய அமைச்சகம் அமைத்த குழு. கெயில் இருப்பதும் அதே அமைச்சகத்தின் கீழ்தான்.

குழாயின் பாதையையும் ஆய்வு விவரங்களையும் வெளியிடச் சொன்னால், அது நாசவேலைக்கு வழியாகும் என்பார்கள். குழாய் போகும் தடமெங்கும் எச்சரிக்கைக் கல் நட்டு வைத்திருக்கும்போது எதை மறைக்கிறோம்? அமெரிக்காவில் மாவட்டவாரியான குழாய் வரைபடத்தை யாரும் பார்க்கலாம். இங்கோ குழாய் பதிக்க நிலத்தின் பயன்பாட்டு உரிமையை எடுக்கும் 1962-ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்காரரிடம்தான் கறாராக இருக்கிறது: வீடு கட்டாதே, கிணறு தோண்டாதே, மரம் நடாதே, இழப்பீடு நில மதிப்பில் 10 சதவீதம். கொங்கு மாவட்டங்களில் கெயில் கேட்டது 66 அடி அகலம். எங்கள் பக்கத்துப் பத்து சென்ட் புரையிடம் (வீடும் தோட்டமும் சேர்ந்த மனை) சதுரமாக இருந்தால் அதன் அகலமே அவ்வளவுதான். பாதுகாப்பின் பெயரால் மொத்த நிலத்தையும் முடக்கிக் கொடுப்பவருக்கு, குழாயைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்டறியும் உரிமையை அந்தச் சட்டம் தரவில்லை.

தனி விசாரணை அமைப்பெல்லாம் நம் நாட்டு நிர்வாகத்துக்கு ஒத்துவராது என்ற வாதமும் நிற்காது. ரயில் விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர், ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். தண்டவாளத்துக்கு முடிந்தது குழாய்க்கு ஏன் முடியாது? ராமநாதபுரம்–தூத்துக்குடி எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரியிலேயே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டுவிட்டது. அது மேலும் தெற்கே நீளுமுன், பெட்ரோலிய அமைச்சகத்துக்கு வெளியே குழாய்ப் பாதுகாப்பு ஆணையர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவருடைய ஆய்வறிக்கைகள் குழாய் கடக்கும் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் தமிழில் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிதறால், கன்னியாகுமரி மாவட்டம்