ஷட்டில் காக் தானேன்னு விட்டுடாதீங்க

1/ போன வாரம் நைட் டியூட்டி. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தர் வலது கண்ணைப் பொத்திக்கிட்டு வந்தார். "ஷட்டில் ஆடினோம் சார். காக் தான் பட்டுச்சு. சொட்டு மருந்து எழுதிக் குடுங்க, போதும்." டார்ச் அடிச்சுப் பார்த்தா, கருவிழிக்கு உள்ளே கீழ்ப்பக்கம் ரத்தம் தேங்கி நிக்குது. விரலை எண்ணச் சொன்னா தடுமாறுறார்.

2/ அந்த "காக் தானே" தான் இந்த த்ரெட்டுக்குக் காரணம். எந்தப் பந்து கண்ணுக்கு ஆபத்துன்னு கேட்டா எல்லாரும் கிரிக்கெட் பந்தைத்தான் சொல்வோம். எடையைப் பார்த்தா அது சரிதான்:
கிரிக்கெட் பந்து: சுமார் 160 கிராம்
டென்னிஸ் பந்து: சுமார் 58 கிராம்
ஸ்குவாஷ் பந்து: சுமார் 24 கிராம்
ஷட்டில் காக்: சுமார் 5 கிராம்

3/ ஆனா கண்ணுக்கு எடை மட்டும் கணக்கில்லை, அளவும் கணக்கு. கண்குழியின் வாய் சுமார் 4 செ.மீ. அகலம், 3.5 செ.மீ. உயரம். சுற்றிலும் எலும்பு. கிரிக்கெட் பந்து 7 செ.மீ., டென்னிஸ் பந்து 6.5 செ.மீ.க்கு மேல். பெரும்பாலும் அடியின் பெரும்பங்கை இந்த எலும்பு வாங்கிக்கும். அதுக்காக ரெண்டும் சாதுன்னு அர்த்தமில்லை. எலும்பு உடையும், விழியும் சேதமாகும்.

4/ ஸ்குவாஷ் பந்து 4 செ.மீ. தான். காக்கின் தக்கை 3 செ.மீ. கூட இல்லை. எலும்பைத் தொடாமலே நேரா விழியில் இடிக்கும். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி.

5/ வேகம்? டென்னிஸில் ஜான் இஸ்னர் 2016ல் போட்ட சர்வ் மணிக்கு 253 கி.மீ. நம்ம சாத்விக்சாய்ராஜ் 2023ல் அடிச்ச ஸ்மாஷ் 565 கி.மீ., கின்னஸ் சாதனை. இறகு இருக்கறதால காக் சீக்கிரமே வேகம் குறையும், உண்மைதான். ஆனா டென்னிஸ் கோர்ட் 23.77 மீட்டர், ஷட்டில் கோர்ட் 13.4 மீட்டர். டபுள்ஸில் நெட் பக்கம் நிக்கிறவருக்கு வேகம் குறையற அளவுக்குத் தூரமே கிடைக்காது.

6/ கிரிக்கெட்டுக்கு ஹெல்மெட் இருக்கு. ஸ்குவாஷில் உலக அளவிலான ஜூனியர் போட்டிகளில் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஷட்டிலுக்கு? நான்-மார்க்கிங் ஷூ இல்லாம உள்ளே விட மாட்டோம்னு பல இன்டோர் கோர்ட்ல போர்டு வைக்கிறாங்க. தரைக்குக் கொடுக்கற மரியாதை கண்ணுக்கு இல்லையே!

7/ "பெரிய பிளேயர்களே போடலையே சார்?" அவங்க அனிச்சைச் செயல் வேற, நம்முது வேற. ஆபீஸ் முடிஞ்சு ஆடற நமக்கும், புதுசா கத்துக்கற குழந்தைகளுக்கும் பாலிகார்பனேட் ஸ்போர்ட்ஸ் கண்ணாடி அவசியம். சாதாரண பவர் கண்ணாடி அதுக்குப் பதிலாகாது. அது உடைஞ்சா அதுவே கண்ணைக் கிழிக்கும். கோச்சுகளும் கோர்ட் நடத்தறவங்களும் முதல்ல குழந்தைகளுக்காவது இதைக் கட்டாயமாக்கணும்.

8/ கண்ணில் அடிபட்டா: தேய்க்காதீங்க, அழுத்தாதீங்க. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு சொட்டு மருந்து விடாதீங்க. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம். தலையை உயர்த்தி வெச்சுக்கிட்டு அன்னிக்கே கண் மருத்துவரைப் பாருங்க. வலி போயிடுச்சுன்னு விட்டா, விழித்திரை கிழிசலும் கண் அழுத்த நோயும் பின்னாடி வரலாம். சில சமயம் வருஷங்கள் கழிச்சும்.

9/ அவரை அன்றிரவே கண் பிரிவுக்கு அனுப்பினோம். கண் அழுத்தம் ஏறியிருந்தது. இப்போ பார்வை மெல்லத் திரும்புது. ஆனா இனி வருஷா வருஷம் செக்கப் உண்டு. "மறுபடி எப்ப சார் ஆடலாம்?"னு கேட்டார். கண் டாக்டர் சரின்னு சொன்னதும் ஆடுங்க. ஆனா கண்ணாடி போட்டு ஆடுங்க.