மூளைப் பெட்டி வைத்த லோடு வண்டிகள்

நமது அங்கத்தினர்களில் சொந்தமாகக் குட்டியானையோ பிக்கப் வண்டியோ வைத்திருப்பவர்கள் இன்று ஏராளம். தராசு, கல்லா மாதிரி லோடு வண்டியும் கடையின் தளவாடமாகிவிட்டது. ஆனால் 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டியிடமும், பழைய வண்டியிடம் வேலை வாங்கியது போலவே வாங்குகிறோம். வீண் செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

புகைக் கட்டுப்பாட்டை நாம் எதிர்க்கவில்லை. காலை முதல் இரவு வரை பஜாரில் உட்கார்ந்து புகையைச் சுவாசிப்பவர்கள் நாம்தானே! டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்தது 10 பங்காகக் குறைந்ததும் நல்லதே. நாம் பேச வந்தது வண்டிக்குள் வந்துவிட்ட எலெக்ட்ரானிக் சமாச்சாரம் பற்றி.

பழைய வண்டியில் விசிறி பெல்ட்டில் சுற்றும். சூடு ஏறினால் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவோம். புகை கக்கினால் பம்ப்பைக் கழற்றிக் காட்டுவோம். மெக்கானிக் காதால் கேட்டே கோளாறு சொல்லிவிடுவார். இப்போது கூலண்டின் சூட்டை அளக்க ஒரு சென்சார், புகைக்குழாயில் சூட்டையும் அழுத்தத்தையும் அளக்கச் சில சென்சார்கள். இவை சொல்வதைக் கேட்டு, டீசல் எவ்வளவு, விசிறி எப்போது என்று தீர்மானிப்பது இ.சி.யு. என்ற பெட்டி. கண்டிப்பான கணக்குப்பிள்ளை போன்றது அது. ஒரு முக்கியச் சீட்டு வராவிட்டாலும் இழுவையைக் குறைத்துவிடும். லோடோடு வண்டி ஊர்ந்து போகும்.

இதில் நமக்கு அதிகத் தொல்லை கொடுப்பது புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டி. டி.பி.எஃப். என்பார்கள். கரி நிறைந்ததும் பெட்டி கூடுதல் டீசலைச் செலுத்தி, சுமார் 600 டிகிரி வரை சூடேற்றி அதை எரித்துவிடும். அதற்கு வண்டி சிறிது நேரம் நிற்காமல் ஓட வேண்டும். விருதுநகரில் பருப்பு ஏற்றி மதுரைக்கு நாலுவழிச் சாலையில் வரும் வண்டிக்குக் கவலையில்லை. கீழமாசி வீதியில் ஏற்றி, தெருத் தெருவாக நின்று நின்று இறக்கும் வண்டிக்குத்தான் கஷ்டம். எரிப்பதற்குள் இஞ்சினை அணைத்துவிடுகிறோம். விளக்கு எரிகிறது, டிரைவர் தம்பி அதைப் பொருட்படுத்துவதில்லை. முதல் விளக்கிலேயே புறவழிச் சாலையில் இருபது நிமிடம் ஒரே சீராக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டால் ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டி எரிக்க வேண்டும். அதையும் தாண்டினால் வடிகட்டியையே மாற்ற நேரும். அது சிறிய தொகை அல்ல.

நம்மூர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வால்வு எதற்கு என்று கழற்றிப் போடும் வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. புது வண்டியில் இதைச் செய்யவே கூடாது. கூலண்ட் போதிய சூட்டுக்கு வராவிட்டால், கரியை எரிக்கும் வேலையைப் பெட்டி தொடங்காது. இஞ்சின் குளிர்ச்சியாக இருக்கிறதென்று நாம் சந்தோஷப்பட, பின்னால் வடிகட்டி அடைத்துக்கொண்டிருக்கும். போர் தண்ணீர் ஊற்றுவதும் அப்படியே. புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து இஞ்சினுக்கே திருப்பும் ஈ.ஜி.ஆர். கூலரின் மெல்லிய வழிகளில் உப்புப் படிந்துவிடும். கிடங்கு வாசலில் இரவு நிற்கும் வண்டியின் ஒயரை எலி கடித்தாலும் சென்சார் செய்தி நின்றுபோகும். மூட்டைக்கு வைக்கிற எலிப்பொறியில் ஒன்றை வண்டிப் பக்கமும் வையுங்கள்.

யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டி வைத்திருப்போர், உர யூரியாவைக் கரைத்து ஊற்றச் சொல்லும் யோசனையைக் கேட்க வேண்டாம். 32.5 சதவீத சுத்த யூரியாவும் உப்பு நீக்கிய நீரும் கொண்டது அக்கரைசல். வேப்பெண்ணெய் பூசிய மானிய உரம் வினையூக்கியைக் கெடுக்கும். அதை வேறு உபயோகத்துக்குத் திருப்புவது சட்டப்படி குற்றமும் ஆகும். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் அடுத்த வண்டியைப் பெட்ரோலிலோ சி.என்.ஜி.யிலோ வாங்குவது பற்றி யோசிக்கலாம்.

இனி கம்பெனிகளுக்கு. பெட்டி காட்டும் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் கருவி தெரு மெக்கானிக்குகளில் சிலரிடம் இருக்கிறது. ஆனால் சரிசெய்த பிறகு பெட்டியில் பதிவு செய்யவும், வடிகட்டியை எரிக்கவும் பல வண்டிகளுக்குக் கம்பெனி ஒர்க்‌ஷாப்பையே நாட வேண்டியுள்ளது. அங்கே முறை வரும்வரை வாடகை வண்டி பிடித்துச் சரக்கு ஏற்றுகிறோம். ஒரு மூட்டைக்குக் கிடைக்கும் சொற்ப லாபம் அந்த வாடகையிலேயே போய்விடுகிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் விதித்து, உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்யுமாறு உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, இணையதளமும் தொடங்கியது; அதில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டது. காருக்குக் கேட்ட நியாயத்தைச் சரக்கு வண்டிக்கும் கேட்பதில் தவறென்ன?

நமது சங்கம் இதை ஒரு கோரிக்கையாக எடுத்து மத்திய அரசுக்கு எழுத வேண்டும் என்பது நமது கருத்து. வண்டி எத்தனை நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றது, எவ்வளவு பில் வந்தது என்ற விவரங்களை நகலோடு அங்கத்தினர்கள் சங்க அலுவலகத்துக்கு அனுப்பினால் மனுவுடன் இணைக்கலாம்.